மொட்டைக்கு மடி கொடுத்தவன்

பெங்களூர் சவாரி முடித்துத் திரும்பும்போது, பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டிகளைத் தாண்டியதும் சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை வரும். பழைய மண்டி அது. இந்நேரம் அதற்குள் ஒரு குத்துச்சண்டை மேடையும், உத்திரத்திலிருந்து தொங்கும் நான்கைந்து மணல் பைகளும் இருந்திருக்க வேண்டும். இப்போது உள்ளே பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிற எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது அந்தக் கொட்டகையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

என் மச்சான், என் மனைவியின் தம்பி, குத்துச்சண்டைக்காரன். பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டம். தொழில் என்று சொன்னாலும் வருஷத்துக்கு இரண்டு ஆட்டம் கிடைத்தால் பெரிது. மற்ற நாட்களில் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கங்காதர நெல்லூர் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் முன்பு சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இப்போது கொஞ்சம் இருக்கிறது, கூலி வேலையும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் கையில் உறை மாட்டிக்கொண்டு மேடை ஏறினால் ஊர் அவனை ரவுடி என்றுதான் முதலில் நினைத்தது.

ஒரு தடவை வரப்புத் தகராறு ஒன்றில் எங்கள் உறவினர் ஒருவர் அவனை அழைக்க வந்தார். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா. சும்மா வந்து என் பின்னால நில்லு. அது போதும்" என்றார். இவன் போகவில்லை. அந்த மனிதர் ஊர் முழுக்க, "அந்தக் கைய வச்சிக்கினு இன்னாத்துக்கு? சோறு துன்றதுக்கா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். கல்யாண வீட்டில் குடித்தவன் எவனாவது வந்து மார்பில் தள்ளினால் மச்சான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். தள்ளியவனுக்கே வெட்கம் வந்து போய்விடுவான். வெட்கம் வராதவர்கள் இன்னொரு முறை தள்ளுவார்கள். அப்போதும் கை பின்னால்தான் இருக்கும்.

அவன் முப்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரே ஆட்டம், அதோடு சரி என்றான். திருப்பதியில் ஒரு போட்டி நடக்கப்போகிறது, ஜெயித்தால் சாம்பியன் பெல்ட் தருகிறார்கள், அது கிடைத்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு இடம் ஆரம்பிக்கப்போகிறேன் என்றான். பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் புது மண்டி கட்டியிருந்ததால் பழையது பூட்டிக் கிடந்தது. அவர் தெலுங்குக்காரர். "பெல்ட் தெச்சுக்கோ, தாளாலு தீஸ்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். பெல்ட்டைக் கொண்டு வா, சாவியை எடுத்துக்கொள். நானும் கூட இருந்து கேட்டேன், அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கொட்டகையைத் திறந்து காட்டவும் செய்தார். மச்சான் உள்ளே போய் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தான். மேடை எங்கே வரும் என்று காலால் தரையில் கோடு போட்டான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை எடை பார்ப்பார்கள், குறித்த எடைக்கு மேல் இருக்கக் கூடாது. ரேணிகுண்டா சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மச்சானையும் அவனுடைய பயிற்சியாளரையும் நான்தான் என் காரில் கொண்டுபோய் விட்டேன். பயிற்சியாளரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மச்சான் இரண்டு நாளாகத் தண்ணீரைக் குறைத்துக் கன்னம் ஒட்டிப்போய் இருந்தான். எடை சரியாக வந்தது. மாஸ்டர் உடனே ஒரு இளநீரைச் சீவி அவன் கையில் கொடுத்தார்.

எதிராளி வடசென்னைக்காரர். மச்சானைவிடச் சற்று இளையவர். தோளுக்குக் கீழே தொங்கும் முடியைக் கொண்டையாக முடிந்திருந்தார். அவர் எடை எந்திரத்தில் ஏறினார், இறங்கினார், துண்டால் மறைத்துப் பிடிக்கச் சொல்லி உடம்பில் எதுவுமே இல்லாமல் மறுபடி ஏறினார். ஒரு டம்ளர் தண்ணீர் அளவுக்கு எடை அதிகமாக இருந்தது. குறைப்பதற்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அந்த மனிதர் பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கயிறு தாண்டினார். வியர்வை நின்றுபோன பிறகும் ஓடினார். எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே இருந்தார், பிறகு அதுவும் வரவில்லை. திரும்ப ஏறியபோது கொஞ்சம் குறைந்திருந்தது. போதவில்லை.

அந்த அமைப்பாளர்கள் வைத்திருந்த விதி, எடை வராதவர் ஆட முடியாது, எடை வந்தவருக்குப் பெல்ட் என்பது. அது புரிந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும். ஒரு அடிகூட வாங்காமல் கொட்டகைச் சாவி வந்துவிடும்.

அவர் கூட வந்த ஒருவர் கத்தினார். "அந்த முடிய வெட்டித் தொலைடா! பக்கத்துலயே சலூன் கீது. முடிதான, திரும்ப வளராதா?"

"வேண்டிக்கினதுண்ணா" என்றார் அவர். பேசவே நாக்கு ஒட்டிக்கொண்டது. "மேலதான் குடுக்கணும். கொழந்தைய வச்சிக்கினு குடுக்கணும். இங்க வெட்டிப் போட்டுட்டு அப்பறம் இன்னாத்த குடுப்பேன்?"

அவர் மனைவி ஒரு பெண் குழந்தையோடு தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. திருப்பதியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். பிழைத்து எழுந்தால் அப்பா முடியையும் பிள்ளையின் முதல் முடியையும் ஒரே நாளில் திருமலையில் இறக்குவதாக வேண்டுதல். ஆட்டம் முடிந்த மறுநாள் என்று நாள் குறித்து, அந்த அம்மாவின் அண்ணனையும் வரச்சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் அந்த ஆட்டக்காரர் போட்டி மேற்பார்வையாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். மலைக்குப் போய் வர நேரம் கொடுங்கள் என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் வயதானவர். தெலுங்கில் பதில் சொன்னார். எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால் சாயந்திரம் ஆறு மணி வரை காத்திருக்கிறேன், இல்லையென்றால் என்னால் முடியாது என்றார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் வெயிலில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்த மச்சான் இளநீரை இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை. அதை நாற்காலிக்கு அடியில் வைத்தான்.

"மாமா, வண்டில டீசல் கீதா?" என்று என்னிடம் கேட்டான்.

"இன்னாத்துக்குடா?"

"மேல போய்க்கினு வந்துர்லாம். அவங்க இப்ப பஸ் பிடிச்சி, எறங்கி, எப்ப வர்றது?"

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. "நீ பாக்ஸராடா, டூரிஸ்ட் கைடா? பெல்ட்டு உன் மடியில வந்து விழுந்துகினு கீது. துன்னுட்டுப் படுத்துத் தூங்கு. அவன் பாடு அவன் சாமி பாடு."

"விழுந்தத எடுத்துக்கினு போனா பசங்களுக்கு இன்னா மாஸ்டர் சொல்லித்தருவேன்?" என்றான் மச்சான். குரலை உயர்த்தவில்லை. மேற்பார்வையாளரைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தான்.

என் மனைவி போனில் கூப்பிட்டாள். "ஆச்சா? எடை வந்துச்சா?" என்றாள். "வந்துச்சி, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர்கள் மூன்று பேரும் பின் சீட்டில். மச்சான் முன்னால், என் பக்கத்தில். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளினான். "அவுரு எதிர்ல வேணாம் மாமா" என்று என் காதோரம் சொன்னான். இவன் எடை முடிந்தவன், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அந்த மனிதர் மறுபடி எந்திரத்தில் ஏறும்வரை நாக்கை நனைக்க முடியாது.

மலை ஏறுவதற்கு முன் அலிபிரியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைச் சோதிப்பார்கள். கயிறும் கை உறைகளும் இருந்த பையைத் திறந்த காவலர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "மேல சண்ட போட்டுக்காதீங்கப்பா, அங்க ஏற்கனவே கூட்டம் ஜாஸ்தி" என்று தமிழும் தெலுங்குமாகச் சொல்லி அனுப்பினார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆனால் காருக்குள் பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

குழந்தைதான் ஆரம்பித்தது. "நைனா, நாளிக்கு நீ அடிக்கப் போறது இவுரயா?"

"ஆமாண்டா கண்ணு."

"இவுரு இன்னா தப்பு பண்ணாரு?"

மச்சான் திரும்பிப் பார்த்து, "நானும் உங்க நைனாவ அடிப்பேன் பாப்பா" என்றான்.

"நீ அடிச்சா நான் உன்ன கடிப்பேன்."

"ஐயோ, பல்லு கீதா உனுக்கு? எங்க காட்டு?"

அது வாயைத் திறந்து காட்டியது. அந்த அம்மா அதன் வாயைப் பொத்தி, "மன்னிச்சிக்குங்கண்ணா" என்றார். பிறகு வளைவுகள் வந்தன. குழந்தைக்கு வாந்தி வரும்போலிருந்ததால் நான் மெதுவாக ஓட்டினேன்.

மேலே மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவில் அன்று கூட்டம் மிதமாகத்தான் இருந்தது. சீட்டு வாங்கி, பிளேடு வாங்கி, ஈரத்தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் இடம் பிடித்தோம். முதலில் குழந்தைக்கு. அங்கேதான் அந்த அம்மா தயங்கி நின்றார்.

முதல் மொட்டை தாய்மாமன் மடியில் அடிக்க வேண்டும். அவருடைய அண்ணன் நாளை மறுநாள்தான் வருகிறார். தாய்மாமன் இல்லாமல் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் உதடு வெடித்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நாவிதர், "தொந்தரகா ரண்டம்மா" என்று அவசரப்படுத்தினார்.

"மாமன் மடின்னா..." என்று மச்சான் இழுத்தான். இவ்வளவு நேரம் இல்லாத கூச்சம் அவன் முகத்தில் வந்தது. "நீங்க என்ன அண்ணன்னுதான கூப்ட்டீங்க வண்டில. தப்பில்லன்னா நான் ஒக்காரட்டா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் மச்சான் பக்கம் திரும்பினார். பிறகு வறண்ட வாயால் சிரித்தார்.

"அப்ப நாளிக்கு நான் மச்சானயா அடிக்கணும்?"

"மச்சான அடிக்காத மாப்ள எந்த ஊர்ல கீறாரு?" என்றான் இவன். என்னைக் கையால் காட்டி, "இதோ இவுர கேளு. எங்கக்காவ கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்ன அடிச்சிக்கினுதான் கீறாரு" என்றான். நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. பக்கத்தில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள்.

ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். அது வீறிட்டது. மறுநாள் அதன் அப்பாவை அடிக்கப்போகும் கை அதன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது, தலை ஆடாதபடி. அவன் கை அவ்வளவு மெதுவாக எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. மெல்லிய முடி அவன் முழங்காலில் விழுந்து ஒட்டியது. அது சொன்னது போலவே அவன் விரலைக் கடிக்கவும் செய்தது.

அடுத்து அப்பாவுக்கு. கொண்டையை அவிழ்த்தபோது முடி முதுகை மூடியது. நாவிதர் வேகமாகச் சிரைத்தார். இடது காதுக்கு மேலே கத்தி பட்டு ஒரு கீறல். பொட்டு போல ரத்தம் வந்தது. நாவிதர் படிகாரம் தேய்த்தார். மச்சான் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

குளித்துவிட்டுக் கோயிலுக்கு எதிரில், கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்று கும்பிட்டார்கள். உள்ளே போய்ச் சாமி பார்க்க நேரமில்லை. மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்த குழந்தை, உடைந்த தேங்காயில் ஒரு சில்லை அப்பாவிடமும் ஒன்றை மச்சானிடமும் நீட்டியது. பிரசாதம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். மச்சானும் அப்படியே செய்தான்.

இறங்கும் பாதையில் வேகமாகப் போக முடியாது. மேலே கிளம்பும்போது ஒரு துண்டுச்சீட்டில் நேரம் குறித்துத் தருவார்கள். குறிப்பிட்ட நேரம் ஆவதற்கு முன்னால் கீழே வந்து சேர்ந்தால் அபராதம் போடுவார்கள். ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பின் சீட்டிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் வளைவுகளைப் பார்த்து ஓட்டினேன். மனதுக்குள் ஒரு பக்கம் நேரம் தவறிப்போகட்டும் என்று இருந்ததா என்று கேட்டால், இருந்தது. என் கால் மட்டும் அதைக் கேட்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மண்டபத்துக்குள் நுழைந்தோம். மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். மச்சானிடம் பேசவில்லை. அந்த மொட்டைத் தலையைப் பார்த்து, "சந்தனத்தத் தொடைச்சிட்டு ஏறு, அது எத்தன கிராமோ" என்று மட்டும் சொன்னார். துடைத்துவிட்டு ஏறினார். எடை வரம்பில் சரியாக நின்றது. அவர் இறங்கி, கழற்றி வைத்த சட்டையைத் தேடி, பையிலிருந்த தேங்காய்ச் சில்லை எடுத்து வாயில் போட்டார். அதற்குப் பிறகுதான் தண்ணீர். அவர் மெல்வதைப் பார்த்துவிட்டு மச்சானும் தன்னுடையதை எடுத்துத் தின்றான்.

மறுநாள் ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியாது. எட்டு சுற்று. இரண்டு பேரும் விழவில்லை. இருவர் முகமும் வீங்கியது. அந்தக் கீறல் மூன்றாவது சுற்றில் திறந்துகொண்டு ரத்தம் காதில் இறங்கியது, டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆடலாம் என்றார். கடைசியில் புள்ளிக் கணக்கில் ஜெயித்ததாகக் குழந்தையின் அப்பா கையைத் தூக்கினார்கள். அவர் பெல்ட்டைக் கட்டிக்கொள்வதற்கு முன் மச்சானிடம் வந்து நெற்றியோடு நெற்றி வைத்து நின்றார். என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஊரில் அதற்குப் பிறகு இரண்டு பேச்சு இருந்தது. மாஸ்டர், அந்த அரை நாள் தண்ணீரும் சோறும் ஓய்வும் இல்லாமல் மலை ஏறி இறங்கினான், அதில் தோற்றான் என்றார். என் மனைவியும் மற்றவர்களும் வேறு சொன்னார்கள். அவன் வேண்டுமென்றே அடிக்கவில்லை, குழந்தையை மடியில் வைத்தவன் அதன் அப்பாவை எப்படி அடிப்பான், அந்தக் காயத்தைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தான் என்றார்கள். அவனை ரவுடி என்று சொன்ன வாய்களே இப்போது இப்படிச் சொன்னது கேட்க நன்றாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது ஒரு ஆறுதலாகவே ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்காருபாளையத்துக்கு அவனும் நானும் போனோம். வியாபாரி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. "நான் தப்பா சொல்லலப்பா" என்று தமிழிலேயே சொன்னார். "தோத்தவன்கிட்ட எவன் புள்ளய அனுப்புவான்? பத்துப் பேர் வந்துட்டு, பத்து நாள்ல நின்னுடுவாங்க. அந்த எடத்த வாடகைக்குக் கேக்கறாங்க." மச்சான், "செரிங்க" என்றான். மோரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

அவன் ஸ்ரீ சிட்டி வேலையிலேயே இருக்கிறான். சொன்னபடி அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை.

போன மாங்காய் சீசனில் பெங்களூர் சவாரிக்குத் துணைக்கு அவனைக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பி வரும்போது மண்டிகளில் லாரிகள் குறுக்கே நின்று வழி அடைத்துக்கொண்டது. சரியாக அந்தக் கொட்டகைக்கு எதிரில் நின்றோம். உள்ளே கிரேட்டுகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் போனில் எதையோ பார்த்து என்னிடம் காட்டினான். அந்தக் குழந்தையின் போட்டோ. தலை நிறைய முடி, இரண்டு பக்கமும் ரிப்பன். "வளந்துகினா பாரு மாமா" என்றான்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்கும் வழக்கம் கிடையாது. அன்று கேட்டேன். "அந்தக் காயத்தப் பாத்துட்டுதான நீ அந்தப் பக்கம் அடிக்கல?"

அவன் போனை அணைத்தான்.

"அங்கதான் மாமா அடிச்சேன். ஒரு தடவ இல்ல. அது தெறந்துகினதே என் கைபட்டுத்தான். நீ பாக்கல?"

நான் எஞ்சினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

"நான் அடிக்காம வுட்டேன்னு அக்கா சொல்லிக்கினு கீது. வேணாம்னு சொல்லு. அந்தாளு தண்ணிகூடக் குடிக்காம மலைக்குப் போய் வந்து ஆடுனாரு. நல்லா ஆடுனாரு. அவுரு ஜெயிச்சத நான் குடுத்ததுன்னு சொன்னா, அவுருக்கு அப்பறம் இன்னா கீது?"

"அப்ப மாஸ்டர் சொன்ன மாதிரி தண்ணி குடிக்காததாலயா?"

"அவுரும்தான குடிக்கல" என்றான்.

முன்னால் லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கிரேட் தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். இவனும் தூக்கினான். நான் வண்டியை எடுத்தேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவன் சொன்னதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டாவது முறையும் சொன்னேன்.